ஆலைச் சங்கு

மத்தி ஏற்றிய படகு கரை தொட்டால்
மத்தோசின்யோஸில் சங்கு ஊதும்.
இரவு இரண்டு மணியாக இருக்கட்டும்,
பிள்ளை மார்பில் பால் குடிக்கட்டும்,
ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஓடுவோம்.
ஒவ்வோர் ஆலைக்கும் ஒரு குரல்.
எங்களுடையது சளி பிடித்த மாடுபோல் கத்தும்.
நான் விழிக்குமுன்பே என் கால்கள் விழித்துக்கொள்ளும்.

முப்பத்தொரு வருடம் நின்றேன்.
தலை கிள்ளி, குடல் உருவி,
தகர டப்பாவில் மாற்றி மாற்றி அடுக்கி.
ஒரு செவ்வாய்க்கிழமை
உப்புநீர்த் தொட்டியைத் தூக்கியபோது
இடுப்பில் ஏதோ அறுந்தது.
ஆறு மாதத்தில் ஆறிவிட்டது என்றார்கள்.
படம் எடுத்தார்கள்.
படத்தில் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததைத்தான்
பதினோரு வருடமாகச் சுமக்கிறேன்.

நோய்க்கும் பார்த்தேன், பேய்க்கும் பார்த்தேன்.
ஊசி, பெல்ட், மாத்திரை, புனித நீர்,
எதிர்வீட்டு ஒடீலியா சொன்ன
தேனீக் கொடுக்கு வைத்தியம்.
"எல்லாம் மனசில்தான் அம்மா" என்றார் ஒரு டாக்டர்,
வாட்சைப் பார்த்தபடி.
பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு அழுதேன்.
உட்கார்ந்து அழவும் இடுப்பு விடவில்லை.

டெல்மோவுக்கு என் கடைசி மகன் வயது.
சுகாதார நிலையத்தின் மாடியில்
ஒன்பது பேரை நீலப் பாய்களில் படுக்க வைத்து
"இடது குதிகாலில் இப்போது என்ன நடக்கிறது?" என்றான்.
நாற்பது வருடமாக யாரும் விசாரிக்காத குதிகால்.
அதற்கே கூச்சமாயிருக்கும்.
லாரிக்கார அமடேவு குறட்டை விட்டான்.
எனக்கு எரிச்சல்,
கடைக்குப் போயிருந்தால் நல்ல அயிலையாவது கிடைத்திருக்கும்.
மெல்ல மேலே ஏறினோம்.
கெண்டைக்கால். முழங்கால்.
இடுப்பு வந்ததும் சாக்கடையைத் தாண்டுவதுபோல்
பாவாடையைத் தூக்கிக்கொண்டு தாண்டினேன்.
தோள். கழுத்து. காது மடல்.

காது மடல்!
அங்கே வலியில்லை.
இத்தனை நாளும் அங்கே வலியில்லாமல் இருந்திருக்கிறது,
எனக்குத்தான் தெரியவில்லை.
அன்றிரவு அதை
இரண்டு விரலால் பிடித்துக்கொண்டே தூங்கினேன்.

நான்காவது வாரம் கேட்டேவிட்டேன்:
"அப்படியானால் என் வலி பொய்யா?"
"பொய்யில்லை, டோனா எர்மெலிண்டா.
சங்கு ஊதுவது நிஜம்.
படகு வந்திருக்கிறதா, அதைத்தான் போய்ப் பார்க்கச் சொல்கிறேன்."
அவன் அம்மாவும் டப்பா ஆலைக்காரியாம்.
எங்களுக்கு அடுத்த தெரு.
அவர்கள் சங்கு கீச்சுக்குரல்.

ஆலை இப்போது அடுக்குமாடி வீடு.
சங்கு இருந்த கூரையில்
யாரோ துளசி மாதிரி ஏதோ வளர்க்கிறார்கள்.
ஆனாலும் விடியற்காலை மூன்று மணிக்கு
என் முதுகில் அது ஊதும்.
முன்பென்றால் பல்லைக் கடித்து
உடம்பு முழுவதும் ஏப்ரன் கட்டிக்கொண்டு ஓடும்.
இப்போது படுத்தபடியே
மூச்சை நீளமாக வெளியே விட்டு
துறைமுகம்வரை போய்ப் பார்க்கிறேன்.
கறுத்த தண்ணீர். ஒரு கயிறு. ஒரு பூனை.
படகு இல்லை.
இடுப்பிடம் சொல்கிறேன்: வா, திரும்பலாம்.
சில நாள் வருகிறது.
சில நாள் அங்கேயே நின்று அடம்பிடிக்கிறது, விடியும்வரை.

சில நாள் படகு நிஜமாகவே வந்திருக்கும்.
போன மாதம் எரிவாயு சிலிண்டரைத்
தனியாகத் தூக்கினேனே, அன்றுபோல.
அப்போது வாதாடுவதில்லை. படுத்துக்கொள்கிறேன்.

கலங்கரை விளக்கம் பக்கம் நடக்கிறேன்.
நேற்று பதினான்கு நிமிடம்.
இன்று ஆறு.
ஆறோடு திரும்பியதற்கு
என்னை நானே திட்டாமல் வீடு வர
இன்னொரு வருடம் ஆகும் போலிருக்கிறது.

"போய்விட்டதா?" என்று
ஜன்னல் வழியே கேட்கிறாள் ஒடீலியா.
எங்கே போக?
இதோ, இந்த நிமிடமும் ஊதிக்கொண்டுதான் இருக்கிறது.
ஊதட்டும்.
பாதி வெங்காயம் இன்னும் பாக்கி,
நறுக்கிவிட்டு வருகிறேன்.